பெர்சனல் டிரெய்னர் தேர்வு: பிசியாலஜியும் நியூட்ரிஷனும் மண்டைல ஏற மாட்டேங்குது, எங்கிருந்து ஆரம்பிக்கறது?

கரூர் பிரபா:

எல்லாருக்கும் வணக்கம். கரூர்ல ஒரு ஜிம்ல ஃப்ளோர் டிரெய்னரா இருக்கேன். பி.காம் முடிச்சவன். பிளஸ் டூல காமர்ஸ் குரூப், பயாலஜி பத்தாவதோட சரி. இப்ப ஏசிஇ-ங்கற அமெரிக்க அமைப்பு நடத்தற பெர்சனல் டிரெய்னர் தேர்வுக்குப் பணம் கட்டிட்டேன். 150 கேள்வி, மூணு மணி நேரம், எல்லாம் இங்கிலீஷ். சிபிஆர் (இதயம் நின்னா செய்யற முதலுதவி) சர்டிஃபிகேட் வாங்கியாச்சு.

எக்சர்சைஸ் சொல்லித்தர்றது, ஃபார்ம் திருத்துறது எல்லாம் கை வந்த வேலை. ஆனா எனர்ஜி சிஸ்டம், கார்டியாக் அவுட்புட், மேக்ரோநியூட்ரியன்ட்னு பக்கத்தைத் திருப்பினா ராத்திரி படிச்சது காலையில இல்ல. இதெல்லாம் ஃப்ளோர்ல எதுக்கு உதவும்னே தெரியல. ஹார்ட் ரேட்டுக்கு ரெண்டு மூணு ஃபார்முலா இருக்கு, எதைப் போடறது? நியூட்ரிஷன் பக்கம் போனா ஓட்ஸ், வான்கோழி, பேகல். நம்ம ஆளுங்க சாப்பிடறது இட்லியும் சோறும்.

இன்னொண்ணு. ஓனர் ஒரு டயட் சார்ட் வெச்சிருக்கார். சேர்ற எல்லாருக்கும் அதையே ஜெராக்ஸ் போட்டுக் குடுக்கச் சொல்றார். போன வாரம் 48 வயசு அம்மா ஒருத்தங்க சேர்ந்தாங்க, சுகர் மாத்திரை போடறாங்களாம். அவங்க கையில அதைக் குடுக்க எனக்குக் கை வரல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


ஜிம் மாஸ்டர் 78:

தம்பி, இந்த சயின்ஸ் எல்லாம் பேப்பர்ல இருக்கட்டும். நான் பசங்களை மிஸ்டர் டிஸ்ட்ரிக்ட் மேடை வரைக்கும் ஏத்தினவன், ஒரு புத்தகமும் திறந்ததில்ல. வேர்த்தாத்தான் கொழுப்பு கரையும். மறுநாள் படியிறங்க முடியாம வலிக்கணும், அப்பத்தான் லாக்டிக் ஆசிட் உடைஞ்சு மசில் ஏறுதுன்னு அர்த்தம். அரிசியை நிறுத்து, வெள்ளைக்கரு பத்து குடு, முடிஞ்சது கதை. தேர்வு எழுதி என்ன கலெக்டரா ஆகப்போற?


உறையூர் கலா:

மாஸ்டர் அண்ணன்ட்ட அப்புறம் வர்றேன். முதல்ல பிரபா தம்பிக்கு.

நான் திருச்சியில லேடீஸ் பேட்ச் எடுக்கறேன். வர்றவங்கள்ல முக்காவாசி நாற்பது தாண்டினவங்க. சுகர், பிபி, தைராய்டு, முழங்கால் வலி, இதுல ஒண்ணாவது இல்லாம யாரும் உள்ள வர்றதில்ல. அதனால எனக்குப் பிசியாலஜி தேர்வுக்கான பாடமா இருந்ததே இல்ல. புத்தகத்துல ஒரு வரி படிச்சா, இது என் கிளையன்ட் கேக்கற எந்தக் கேள்விக்குப் பதில்னு யோசிச்சு ஓரத்துல பென்சில்ல அந்தக் கேள்வியை எழுதிடுவேன். எந்தக் கேள்வியும் தோணலன்னா அந்த வரி தேர்வுக்கு மட்டும், கடைசி வாரம் உருப்போட்டாப் போதும். நீயும் அப்படிப் படிச்சுப் பாரு.

எனர்ஜி சிஸ்டத்தை எடுத்துக்க, அதாவது தசைக்குச் சக்தி வர்ற மூணு வழி. காலேஜ்ல நான் கபடி ஆடினவ, எனக்கு அது ரெய்டை வெச்சுத்தான் புரிஞ்சது. ஒரு ரெய்டுக்கு 30 செகண்ட். போனஸ் லைன்ல கால் வெக்க ஒரு பாய்ச்சல், காலைப் பிடிச்சவளை உதறிட்டுக் கோட்டைத் தொட ஒரு திமிறல், ரெண்டும் ரெண்டு மூணு செகண்டுல முடியற வேலை. அதுக்கான ஏடிபி, அதாவது தசை நேரடியா செலவழிக்கற சக்தி, தசைக்குள்ளயே தயாரா இருக்கற கிரியேட்டின் பாஸ்பேட்டை வெச்சு வருது. முழு பலத்தைப் போட்டா ஏறத்தாழ பத்து செகண்ட் தாங்கும். ரெய்டு இழுத்துச்சுன்னா கிளைகாலிசிஸ் கை குடுக்கும். ஆக்சிஜனுக்குக் காத்திருக்காம குளுக்கோஸை உடைக்கறதால வேகம் ஜாஸ்தி, வரவு கம்மி: ஒரு குளுக்கோஸுக்கு ரெண்டே ஏடிபி. ரெய்டு முடிஞ்சு திரும்பி வந்து முழங்கால்ல கை ஊன்றி மூச்சு வாங்குறாளே, அந்த நேரத்துல மூணாவது வழியான ஆக்சிஜன் வழிதான் தீர்ந்துபோன கிரியேட்டின் பாஸ்பேட்டைத் திரும்ப நிரப்புது. ஆட்டத்தோட ரெண்டாவது பாதியிலயும் அந்தப் பாய்ச்சல் மிச்சம் இருக்குமான்னு முடிவு பண்றது இந்த நிரப்பற வேகம்.

புத்தகத்துல பத்து செகண்ட், ரெண்டு நிமிஷம், அதுக்கு மேலன்னு கட்டம் போட்டிருப்பான். தேர்வுல அதையே டிக் பண்ணு. ஆனா ஒண்ணு அணைஞ்ச பிறகு அடுத்தது எரியுதுன்னு நினைச்சுடாத. மூணும் எந்நேரமும் ஓடுது, பங்குதான் மாறுது. முழு வேகத்துல ஓடறவனுக்குக்கூட ஒண்ணேகால் நிமிஷம் ஆகறப்பவே ஆக்சிஜன் வழி பாதிப் பங்குக்கு வந்துடும்.

இப்ப இதுக்கான ஃப்ளோர் கேள்வி என்ன? "காசு குடுத்து வந்திருக்கேன், ஏன் சும்மா உக்கார வெக்கிறீங்க?" கிரியேட்டின் பாஸ்பேட் அரை நிமிஷத்துல பாதி அளவுக்குத் திரும்பிடும், கிட்டத்தட்ட முழுசாத் திரும்ப மூணுல இருந்து அஞ்சு நிமிஷம் வேணும். வெயிட்டான ஸ்குவாட் மூணு ரெப் அடிச்சவங்களை நாற்பது செகண்டுல திரும்ப நிக்க வெச்சா அடுத்த செட்ல முதுகு வளையும். பசங்க கேக்கற கிரியேட்டின் பவுடர் சமாச்சாரமும் இங்கயேதான் இருக்கு. தினம் 3-5 கிராம் மோனோஹைட்ரேட் போட்டா இந்த இருப்பு கொஞ்சம் கூடும், கடைசி ஒரு ரெப், ரெண்டு ரெப் கூட வரும். ஸ்டீராய்டு கிடையாது, மந்திரமும் கிடையாது.

கார்டியாக் அவுட்புட், அதாவது இதயம் ஒரு நிமிஷத்துல வெளியேத்தற ரத்தம், ஒரு பெருக்கல் கணக்கு. நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு, ஒரு துடிப்புக்கு எத்தனை மில்லி ரத்தம். சும்மா இருக்கறப்ப 70 துடிப்பு, 70 மில்லி, ஆக சுமார் அஞ்சு லிட்டர். நாலஞ்சு மாசம் ஒழுங்கா கார்டியோ பண்ணினா ஒரு துடிப்புக்கு வெளியேத்தற ரத்தம் கூடுது, அதே அஞ்சு லிட்டருக்குக் கம்மித் துடிப்பு போதும். "அக்கா, வாட்ச்ல ஹார்ட் ரேட் 78 காட்டிட்டிருந்தது, இப்ப 66 காட்டுது, ஏதாச்சும் பிரச்சினையா?"ன்னு பயந்துபோய்க் கேப்பாங்க. அப்ப சொல்ல இதுதான் பதில்.

ஃபார்முலா. இதயம் நிமிஷத்துக்கு அதிகபட்சம் எத்தனை துடிக்கும்னு கணக்கு போடறது. உன் 48 வயசு அம்மாவையே வெச்சுப் போடலாம். 220-ல வயசைக் கழிச்சா 172. இன்னொண்ணு 2001-ல வந்த டனாகா ஃபார்முலா: 208-ல வயசோட 0.7 பங்கைக் கழிக்கணும், 174 வரும். 40 வயசுல ரெண்டும் ஒரே 180, வயசு ஏற ஏற விலகும். எதைப் போட்டாலும் ஒரு ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேல கீழ போறது சகஜம், அதனால அந்த நம்பரை வேதவாக்கா எடுத்துக்காத. முக்கியம் அடுத்த படி, பயிற்சியில எத்தனை துடிப்புக்குக் கொண்டுபோறதுங்கறது. 172-ல 50 சதவீதம் 86. அந்த அம்மா நாற்காலில உக்காந்திருக்கறப்பவே 84 துடிக்குதுன்னு வெச்சுக்க, 86-ங்கறது எழுந்து நின்னாலே வந்துடும், அது பயிற்சியா? அதுக்குத்தான் ஓய்வுத் துடிப்பையும் கணக்குல எடுக்கற கார்வோனென் ஃபார்முலா. 172-ல 84-ஐக் கழி, 88. அதுல பாதி 44. திரும்ப 84-ஐக் கூட்டு, 128. இது வேலைக்கு ஆகற நம்பர். தேர்வுலயும் இந்தக் கணக்கைக் கேக்க வாய்ப்பு நிறைய, கையால போட்டுப் பழகிக்க.

ஆனா பிபி-க்கு அட்டெனலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை போடறவங்களா இருந்தா இந்தக் கணக்கெல்லாம் குப்பை. அது துடிப்பையே ஏற விடாது. 128-க்குக் கொண்டுபோறேன்னு டிரெட்மில்ல ஏத்திக்கிட்டே போனா ஆள் துவண்டுடுவாங்க. அவங்ககிட்ட பேச்சு குடு. முழு வாக்கியமா பேச முடியுது, பாட்டுப் பாட மூச்சு பத்தல, அவ்வளவுதான் மிதமான அளவு. எவ்வளவு சிரமமா இருக்குன்னு அவங்களே 6-ல இருந்து 20 வரைக்கும் சொல்ற போர்க் ஸ்கேல்ல 12, 13.

இப்ப மாஸ்டர் அண்ணனுக்கு. அண்ணே, வேர்வை உடம்பைக் குளிர வெக்க வர்ற தண்ணி, தண்ணி குடிச்சா எடை திரும்பிடும். கொழுப்பு போற வழி மூச்சு. 2014-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ரெண்டு ஆஸ்திரேலியக்காரங்க அணுக் கணக்கு போட்டே எழுதினாங்க: பத்து கிலோ கொழுப்பு எரிஞ்சா 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடா மூச்சுல போகுது, மிச்சம் 1.6 கிலோதான் தண்ணி. சித்திரை வெயில்ல இடுப்புல பிளாஸ்டிக் பெல்ட் சுத்தி ஓட விடறதுல மயக்கம் வேணா வரும். "ஒரே வாரத்துல ரெண்டு கிலோ" போர்டும் இதே ரகம். அரிசியை நிறுத்தினா முதல்ல உடம்பு சேத்து வெச்சிருக்கற மாவுச்சத்தான கிளைகோஜன் இறங்கும், ஒரு கிராம் கிளைகோஜனோட ஏறக்குறைய மூணு கிராம் தண்ணி ஒட்டிக்கிட்டு இருக்கு, அதுவும் சேர்ந்து இறங்கும். கல்யாண வீட்டுல ஒரு பந்தி உக்காந்தா பாதி திரும்பி வந்துடும். உங்க பசங்க மேடை ஏறினதை நான் குறை சொல்லல. அவங்க 22 வயசு, தைரியமா எதையும் தாங்குவாங்க. எங்கிட்ட வர்றவங்க தாங்க மாட்டாங்க.

நியூட்ரிஷனுக்கு வர்றேன். புத்தகத்துல இருக்கற அடிப்படை எண்கள் எந்த ஊர்லயும் மாறாது: ஒரு கிராம் கார்போவுக்கும் புரோட்டீனுக்கும் 4 கலோரி, கொழுப்புக்கு 9, ஆல்கஹாலுக்கு 7. பேகலைத் தூக்கிப் போட்டுட்டு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (என்ஐஎன்) 2017-ல வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையை வெச்சுக்க, 528 உணவு இருக்கு. அதைவிட முக்கியமா ஒரு கிச்சன் தராசு வாங்கு. நானே எங்க வீட்டு அடுப்படியில ஒரு ஞாயித்துக்கிழமை பூரா எடை போட்டுக்கிட்டு இருந்தேன், வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். 100 கிராம் பச்சரிசி வடிச்சா முந்நூறு கிராம் கிட்ட சோறு வருது, கலோரி அதே 350-தான். "100 கிராம் அரிசி"ன்னு நீ சொல்றது வேகாததா வெந்ததான்னு சொல்லாம விட்டா உன் கணக்கு மூணு மடங்கு தப்பும்.

புரோட்டீன்லதான் நம்ம ஊர் சாப்பாடு மாட்டிக்குது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரை, ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம். 62 கிலோ பொண்ணுக்கு 51 கிராம். வெயிட் பயிற்சி பண்ணினா 1.2-க்குக் குறையாம வேணும்னு நான் பாக்கறேன், அது 74. காலையில நாலு இட்லி, ஒரு இட்லிக்கு ரெண்டு கிராம் வந்தாலே பெரிசு. சாம்பார்ல பருப்பு எங்க இருக்குன்னு கரண்டியால தேடணும். மத்தியானம் சோறு, ரசம், ஒரு பொரியல். சாயங்காலம் டீ, ரெண்டு பிஸ்கட். ராத்திரி தோசை. கூட்டிப் பாரு, பல பேருக்கு 40 தாண்டாது. அதுக்காக அரிசியை வில்லனாக்காத. புரோட்டீனைக் கட்டற அமினோ அமிலங்கள்ல, அரிசில லைசின் குறைவு, பருப்புல மெத்தியோனின் குறைவு, இட்லி மாவுலயும் வெண்பொங்கல்லயும் ரெண்டும் சேர்ந்துடுது. அளவுதான் குறை. முட்டை ஒண்ணு 6 கிராம், மஞ்சக்கருவோட. மீல் மேக்கர் 30 கிராம் காய்ஞ்சது 15 கிராம் குடுக்கும். பொட்டுக்கடலை 50 கிராம்ல 10. இதெல்லாம் ரேஷன் பட்ஜெட்ல அடங்கற சாமான், பவுடர் டப்பா அப்புறம் பாத்துக்கலாம்.

எண்ணெய்க்கு ஒரு குறுக்கு வழி. "எண்ணெய் எவ்வளவு சேர்ப்பீங்க?"ன்னு கேட்டா எல்லாரும் "கொஞ்சம்தான்"னு சொல்லுவாங்க. மாசத்துக்கு எத்தனை பாக்கெட் வாங்கறீங்க, வீட்டுல எத்தனை பேருன்னு கேளு. நாலு பேருக்கு நாலு லிட்டர்னா ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி, கிட்டத்தட்ட 270 கலோரி. இதுல கடையில சாப்பிட்ட பஜ்ஜி சேரல.

ஜெராக்ஸ் சார்ட் விஷயத்துல நீ நினைச்சது சரி. பொதுவான உணவு அறிவுரை சொல்லலாம், எண்ணெய் கணக்கு காட்டலாம். சுகர் இருக்கறவங்களுக்கு, கிட்னி கோளாறு இருக்கறவங்களுக்குச் சாப்பாட்டுப் பட்டியல் எழுதறது டயட்டீஷியன் வேலை, நம்மது இல்ல. ஓனர்கிட்ட கொள்கை பேசாத, எடுபடாது. "சார், இதுல மாத்திரை போடறவங்களுக்கு ஏதாவது ஆனா கையெழுத்து யாருது?"ன்னு கேளு.


பிசியோ செந்தில், கோவை:

கலா மேடம் எழுதியதற்குப் பிறகு சேர்க்க எனக்கு இரண்டு விஷயங்கள்தான்.

லாக்டிக் ஆசிட் பற்றி மாஸ்டர் சொன்னது ஊர் முழுக்க இருக்கும் நம்பிக்கை, அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1907-ல் கேம்பிரிட்ஜில் ஃபிளெட்சரும் ஹாப்கின்ஸும் தவளைத் தசையில் செய்த சோதனையில், களைத்த தசையில் லாக்டிக் ஆசிட் சேர்வதைக் கண்டார்கள். அன்றிலிருந்து அதுவே குற்றவாளி ஆகிவிட்டது. 1980-களில் பெர்க்லியில் ஜார்ஜ் புரூக்ஸ் லாக்டேட் (லாக்டிக் ஆசிட் உடலில் இருக்கும் வடிவம்) ஓர் எரிபொருள் என்று காட்டினார். இதயமும் மெது இழைத் தசைகளும் அதை எரிக்கின்றன, கல்லீரல் அதைத் திரும்பக் குளுக்கோஸாக்குகிறது. கடும் பயிற்சிக்குப் பிறகும் ஒரு மணி நேர அளவில் ரத்தத்தில் அது பழைய நிலைக்கு வந்துவிடும். நாளை மறுநாள் உச்சத்துக்கு வரும் வலிக்கு அது எப்படிக் காரணமாகும்? அந்த வலி, எடையைத் தாங்கியபடி தசை நீளும்போது ஏற்படும் நுண்சேதத்தாலும் அதைத் தொடரும் அழற்சியாலும் வருவது. ஸ்குவாட்டில் கீழே இறங்கும் பகுதி, மலையிலிருந்து இறங்கும் நடை இவையெல்லாம் இந்த வகை. இரண்டு மூன்று வாரத்தில் அதே பயிற்சிக்கு வலி குறைந்துவிடும், தசை வளர்ச்சி நிற்காது. ஆக வலியை அளவுகோலாக வைக்க முடியாது.

அந்த 48 வயது அம்மா விஷயம். சுருங்கும் தசை இன்சுலின் உதவி இல்லாமலேயே குளுட்-4 என்ற கடத்தியைச் செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சர்க்கரை நோய்க்குப் பயிற்சி மருந்தாவதன் காரணங்களில் இது முக்கியமானது, தாழ்சர்க்கரை ஆபத்தும் இதனால்தான். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரும்பாலும் பயமில்லை. கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் கவனம் வேண்டும். இதுவரை பயிற்சி செய்யாதவர் என்றால் முதலில் மருத்துவரின் ஒப்புதல் வாங்கி வரட்டும். எந்த மாத்திரை என்று கேட்டீர்களா?


கரூர் பிரபா:

கலா அக்கா, செந்தில் சார், ரொம்ப நன்றி. கார்வோனென் கணக்கை இப்பத்தான் கையால போட்டேன், புரிஞ்சது. மாத்திரை ரெண்டும் சேர்ந்ததாம், மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும். பிபி மாத்திரை இல்ல. காலையில ஆறு மணிக்கு வெறும் வயித்துல வர்றாங்க, டீ கூடக் குடிக்கறதில்ல. வெறும் வயித்துல பண்ணினாத்தான் கொழுப்பு கரையும்னு யாரோ சொன்னாங்களாம். எடை 71.


பிசியோ செந்தில், கோவை:

அந்தச் சேர்க்கை மாத்திரை என்றால் வெறும் வயிற்றில் வேண்டாம். பயிற்சிக்கு முன் ரத்தச் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் போல ஏதாவது சாப்பிட்டு, சர்க்கரை ஏறியதைப் பார்த்த பிறகே தொடங்கலாம். நடுவில் கை நடுக்கம், திடீர் வியர்வை, பேச்சில் குழறல் தெரிந்தால் உடனே நிறுத்தி, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் திரும்பச் சோதிக்க வேண்டும். 70-க்கு மேல் வராவிட்டால் இன்னொரு முறை. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை நேரத்தை மாற்றுவது மருத்துவர் முடிவு, ஜிம்மில் யாரும் சொல்லக் கூடாது.


ஜிம் மாஸ்டர் 78:

சுகர் விஷயத்துல செந்தில் சொல்றது சரிதான், எங்க அப்பாவுக்கும் நடந்திருக்கு. மத்தபடி வெள்ளைக்கரு பத்துல நான் மாறமாட்டேன்.


உறையூர் கலா:

மாறாதீங்க அண்ணே, மஞ்சக்கருவை எனக்கு அனுப்பிடுங்க.

பிரபா, வெறும் வயித்துல பண்ணினா அந்த ஒரு மணி நேரத்துல கொழுப்பு எரியற பங்கு கொஞ்சம் கூடுதல்தான், பொய் இல்ல. ஆனா நாள் முழுக்கச் சாப்பிடற கலோரி அதேன்னா மாசக் கடைசியில உடம்புல இருந்து குறையற கொழுப்பு ஏறத்தாழ ஒண்ணுதான். அந்த அம்மாவுக்கு இதைச் சொல்லிப் புரிய வை. டாக்டர் சரின்னு சொன்ன பிறகு முதல் ரெண்டு வாரம் பத்து நிமிஷ நடை, நாற்காலில உக்காந்து எழற ஸ்குவாட், சுவத்துல புஷ்-அப், பேண்ட் வெச்சு ரோ, அவ்வளவு போதும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் தூக்க விடாத, எண்ணிக்கையை அவங்களையே வாய் விட்டு எண்ணச் சொல்லு, மூச்சு தன்னால வெளிய வரும். வெறுங்கால்ல வேண்டாம், ஷூ கட்டாயம். முடிஞ்சதும் பாதத்துல காயம் ஏதும் இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கச் சொல்லு.

குளுக்கோமீட்டரை ஜிம்முக்கு எடுத்துட்டு வரட்டும். விரல்ல குத்தறது அவங்களே, நீ குத்தாத. முன்னாடி ஒரு ரீடிங், பின்னாடி ஒரு ரீடிங், தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதி வை. டாக்டரைப் பாக்கப் போறப்ப அந்தப் பக்கத்தை எடுத்துட்டுப் போகட்டும். அவருக்கு மாத்திரை அளவை முடிவு பண்ண அது உதவும்.